நீதிமன்றத்தின் முன் புதிய குடிமகன்



தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் பெரியவர்கள், ஒருவனை நல்லவன் என்று புகழ விரும்பினால், "அவன் கோர்ட்டுப் படி ஏறாதவன்" என்று சொல்வார்கள். வம்பு வழக்குக்குப் போகாதவன், யார் வாயிலும் விழாதவன் என்பது அதன் பொருள். கேட்பதற்கு அது நல்ல பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் ஓர் அச்சம் பதுங்கியிருக்கிறது. நீதிமன்றம் என்பது நம்மைத் தண்டிக்கும் இடமே தவிர, நாம் நியாயம் கேட்கும் இடமன்று என்பதே அந்த அச்சம்.

தோட்டப் பள்ளியில் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாங்கள், மாலை வேளைகளில் பெரியவர்கள் சிலருக்கும் பாடம் சொல்வதுண்டு. இவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்துவிட்டு, நேர்முகத்துக்கு அழைப்பு வரும் என்று காத்திருப்பவர்கள். மலாய் மொழியில் நாலு வார்த்தை தடுமாறாமல் பேச வேண்டும், நாட்டைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று இந்த வயதில் மீண்டும் பென்சில் பிடிக்கிறார்கள். 1970-ஆம் ஆண்டில் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். அவற்றுள் நான்காவது, சட்ட ஆட்சி. "சட்ட ஆட்சி என்றால் என்ன?" என்று ஒரு நாள் கேட்டோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு முதியவர், "சட்டம் என்றால் போலீசுதானே, வாத்தியாரே?" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய தந்தையும் பாட்டனும் கண்ட சட்டம் அப்படித்தான் இருந்தது. அந்தச் சட்டம் எப்படி மாறியது, இன்று இந்நாட்டின் நீதி முறை எவ்வாறு இயங்குகிறது, குடிமகனாகப் போகிறவர் அதில் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய நம் பேச்சு.

நேயர்களே, நம்முடைய பிரிக்பீல்ட்சிலிருந்தே தொடங்குவோம். 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அழித்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய நகரம் இனி உதவாது, செங்கல்லால் கட்டுங்கள் என்று அடுத்து வந்த ஆங்கில ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் எழுந்த இந்த இடத்துக்கு அதுவே பெயராயிற்று. 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயில் வேலை செய்ய வந்த இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் இங்கே குடியேறினர். செங்கல்லின் அந்தக் காலத்திலேதான், 1897-இல், இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று நாம் அழைக்கும் மணிக்கூண்டு மாளிகையும் திடலுக்கு எதிரே எழுந்தது. அரசாங்க அலுவலகங்களுக்காகக் கட்டப்பட்ட அந்த மாளிகையில் பிற்காலத்தில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்கள் பல்லாண்டுகள் நடைபெற்றன.

ஆங்கிலேய நீதிமன்றம் அதற்கு முன்பே இந்நாட்டில் கால் வைத்துவிட்டது. 1807-இல் பினாங்குக்கு நீதிச் சாசனம் ஒன்று வழங்கப்பட்டு, அங்கே முறையான நீதிமன்றம் அமைந்தது. 1826-இல் அது மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் விரிந்தது. சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்களிலோ 1874-க்குப் பிறகு ரெசிடெண்டுகளின் ஆட்சி வந்தது. அங்கே வட்டாரத்தை நிருவாகம் செய்யும் அதிகாரியே மாஜிஸ்திரேட்டாகவும் உட்காருவது வழக்கம். காலையில் வரி வாங்கிய கை மாலையில் தீர்ப்பு எழுதியது என்று சொல்லலாம்.

அத்தகைய நீதிமன்றத்தின் முன் நம் முன்னோர்கள் எப்படிப் போய் நின்றார்கள்? ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வேலைக்கு வராமற்போனாலும், தோட்டத்தை விட்டு ஓடினாலும், அது குற்றமாகக் கருதப்பட்டது. அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ஒப்பந்தத்தை மீறினால் நட்ட ஈடு கேட்பதோடு நிற்கவேண்டிய விவகாரம், தொழிலாளியைப் பொறுத்தவரை சிறைக்கூடம் வரை போயிற்று. இந்த ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் வந்தவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று சட்டம் சொன்னாலும், கடனும் தூரமும் அவர்களைக் கட்டிப் போட்டன. "கோர்ட்டுப் படி ஏறாதவன்" என்ற சொல் பிறந்த காலம் இதுதான் என்று நாம் எண்ண இடமுண்டு.

இனி 1941-ஆம் ஆண்டுக்கு வருவோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அவ்வாண்டு பெரும் வேலை நிறுத்தம் எழுந்தது. அதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். மலாயா மத்திய இந்தியச் சங்கத்தில் ஈடுபட்டவர். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைக் கவனியுங்கள். சீனத் தொழிலாளர்க்குச் சமமான சம்பளம் வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். நல்ல வைத்திய வசதி வேண்டும். கள்ளுக் கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சம்பளத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. வயிற்றுப் பசி ஒரு பக்கம் இருக்க, மனிதனாக நிமிர்ந்து போக வேண்டும் என்ற பசியும் அவர்களுக்கு இருந்தது.

அதற்குக் கிடைத்த விடை என்ன? 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலை நிறுத்தம் மேலும் பரவியது. படைகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இங்கேதான் நேயர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நாதன் எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு அனுப்பப்படவில்லை. குற்றச்சாட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்ற வழியே அங்கே இல்லை. நிருவாகத்தின் ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. ஏனென்றால், அன்று இந்நாட்டில் உழைத்த தமிழர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் இந்நாட்டுக்கு உரியவர் அல்லர். வந்தவரைத் திருப்பி அனுப்பலாம் என்பதே அக்காலத்துச் சட்டம்.

போர் முடிந்தது. 1946-இல் மலாயன் யூனியன் வந்து, 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு உதயமாயிற்று. புதிய குடியுரிமை விதிகளும் வந்தன. இங்கே பிறக்காதவர் விண்ணப்பிக்க வேண்டுமானால், முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று அன்றைய ஒப்பந்தம் கூறியது. அதே ஆண்டு ஜூன் மாதம் அவசர காலமும் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதி அமலுக்கு வந்தது.

அவ்விதியின் கீழ் நின்ற இரண்டு தமிழர்களின் வழக்குகளை நாம் அறிந்திருப்பது நல்லது. ஒருவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி. துப்பாக்கி வைத்திருந்தார் என்று தீர்க்கப்பட்டு, 1949 மே 4-ஆம் நாள் புடு சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்திய அரசாங்கம் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை.

மற்றவர் சாம்பசிவம். அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் சட்டம் படிக்கும் மாணவர்கள் பல நாடுகளில் அவர் பெயரை இன்றும் படிக்கிறார்கள். 1948-இல் அவர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் சாட்டப்பட்டன. துப்பாக்கி கொண்டு சென்றார் என்பது ஒன்று. தோட்டாக்கள் வைத்திருந்தார் என்பது மற்றொன்று. அக்காலத்தில் நீதிபதியோடு அசெசர்கள் என்போர் அமர்ந்து கருத்துச் சொல்வார்கள். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலை செய்யப்பட்டார். துப்பாக்கி பற்றிய குற்றச்சாட்டில் கருத்து வேறுபட்டதால், அதற்கு மட்டும் மறுவிசாரணை நடந்தது. அந்த மறுவிசாரணையில், அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்றை அரசுத் தரப்பு முன்வைத்தது. துப்பாக்கியோடு தோட்டாக்களும் தம்மிடம் இருந்தன என்று அதில் கண்டிருந்தது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

பின்னர் வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1950-இல் அங்கே தீர்ப்பு மாறியது. தோட்டாக் குற்றத்திலிருந்து ஒரு மனிதனை நீதிமன்றம் விடுவித்துவிட்டால், அந்த விடுதலை அரசுத் தரப்பையும் கட்டுப்படுத்தும்; விடுவிக்கப்பட்ட குற்றத்தை அவர் செய்ததாகவே வைத்துக்கொண்டு இன்னொரு குற்றத்தை நிரூபிக்க முனைவது கூடாது என்று அம்மன்றம் கூறியது. சாம்பசிவத்தின் தண்டனை நீக்கப்பட்டது. கயிற்றின் நிழலில் இருந்த ஒரு தமிழரின் உயிரைச் சட்டத்தின் ஒரு கொள்கை மீட்டது.

இந்த மூவரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நாதனுக்கு நீதிமன்றமே இல்லை. கணபதிக்கு நீதிமன்றம் இருந்தது, உயிர் தப்பவில்லை. சாம்பசிவத்துக்கு மேல்முறையீடு என்ற படிக்கட்டு இருந்தது; அதன் கடைசிப் படியில் உயிர் தப்பியது. நீதிமன்றம் எப்போதும் நமக்கு வேண்டியதையே தரும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றம் இல்லாத இடத்தில் கேட்பதற்கே வழியில்லை என்பதை 1941 நமக்குக் கற்பித்தது.

1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த சட்ட அறிஞர்கள் அடங்கிய ரீட் குழுவினர் வகுத்துக் கொடுத்த அடிப்படையில் நம் அரசியலமைப்பு அமைந்தது. அதன் இரண்டாம் பகுதி அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. குடிமகனாகப் போகிறவர் அதில் ஐந்து விதிகளையாவது அறிந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாம் விதி உயிரையும் சுதந்தரத்தையும் பற்றியது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவர வேண்டும். ஏழாம் விதி, ஒரு குற்றத்துக்காக விடுதலையோ தண்டனையோ பெற்றவரை, மேல் நீதிமன்றம் ஆணையிட்டாலொழிய, அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்கிறது. சாம்பசிவத்தைக் காத்த கொள்கைக்கு இது நெருங்கிய உறவு. எட்டாம் விதி, சட்டத்தின் முன் எல்லா மனிதரும் சமம் என்கிறது. இவை மூன்றும் நாட்டில் உள்ள எல்லாருக்கும் உரியவை.

மற்ற இரண்டும் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. பத்தாம் விதி பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய உரிமைகளைத் தருகிறது. ஒன்பதாம் விதியோ ஒரே வரியில் பெரிய செய்தியைச் சொல்கிறது. குடிமகன் எவரையும் கூட்டரசிலிருந்து நாடு கடத்தவோ உள்ளே வரவிடாமல் தடுக்கவோ கூடாது என்பதே அது. 1941-இல் நாதனைக் கப்பலேற்றிய அதிகாரம், குடிமகன் என்ற சொல்லின் முன் வந்து நின்றுவிடுகிறது. நீல அடையாளக் கார்டின் உண்மையான மதிப்பு இதுவே.

சிவப்புக் கார்டுக்கும் நீலக் கார்டுக்கும் உள்ள வேறுபாடு நீதி முறையிலும் தெரிகிறது. ஐந்தாம் விதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபடும் அந்நியரை மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவர 24 மணி நேரம் அன்று, 14 நாள் அவகாசம் உண்டு. 1969-க்குப் பின் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டபோது, இங்கேயே உழைத்து மூத்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்ததையும் நம் தலைமுறை பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தது. 2018-இல்கூட, 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்கள் சிவப்புக் கார்டோடு குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களாக அரசாங்க அறிவிப்பில் குறிக்கப்பட்டனர். எனவே, இது பழங்கதை அன்று.

குடியுரிமை பெறும் வழியையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்து, விடுபட்டுப் போனவர்களுக்குப் பதினாறாம் விதி உண்டு. முந்திய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருத்தல், நன்னடத்தை, மலாய் மொழியில் தொடக்க அறிவு ஆகியவை வேண்டும். வெளியே பிறந்தவர்களுக்குப் பத்தொன்பதாம் விதி. முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த மனுக்கள் மீது அரசாங்கம் செய்யும் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய இயலாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. ஆகவே பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்று, தோட்டத்தில் வேலை செய்ததற்கான தாள்கள் முதலியவற்றைச் சேர்த்து, மனுவைக் குறையில்லாமல் கொடுப்பதே நம் கையில் உள்ளது.

சரி, நேயர்களே, இப்போது நீதிமன்றங்களின் படிக்கட்டில் ஏறிப் பார்ப்போம்.

கீழ்ப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றம். சாதாரணக் குற்றங்களும், ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்படாத பண வழக்குகளும் இங்கே வரும். போலீசார் ஒருவரை 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைத்து விசாரிக்க விரும்பினால், இந்த மாஜிஸ்திரேட்டிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். குற்றம் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து, சில நாள்களே அவர் அனுமதிக்கலாம்; 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் என்பது உச்ச வரம்பு. பாதுகாப்பு சம்பந்தமான தனிச் சட்டத்தில் இது 28 நாள் வரை போகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்க இடமளித்த 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

அடுத்த படி செஷன்ஸ் நீதிமன்றம். மரண தண்டனைக் குற்றம் நீங்கலாக மற்றக் குற்றங்களையும், பத்து லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகளையும் இது விசாரிக்கும். சாலை விபத்தில் நட்ட ஈடு கேட்கும் வழக்குகள், தொகை எவ்வளவாயினும் இங்கேதான் வரும். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். மலாயாவுக்கு ஒன்று, சபா சரவாக்குக்கு ஒன்று. உயிர் போகும் வழக்கு அங்கேதான் தொடங்கும். அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்சியில் கூட்டரசு நீதிமன்றம். இவ்விரண்டும் இன்று புத்ராஜெயாவிலுள்ள நீதி மாளிகையில் இருக்கின்றன. முஸ்லிம்களின் குடும்ப, சமய விவகாரங்களுக்கு மாநிலங்களின் ஷரியா நீதிமன்றங்கள் தனியே உண்டு.

சாம்பசிவம் போய் நின்ற பிரிவி கவுன்சில் இன்று நம் படிக்கட்டில் இல்லை. குற்ற வழக்குகளும் அரசியலமைப்பு வழக்குகளும் 1978 முதலும், மற்ற வழக்குகள் 1985 முதலும் அங்கே போவது நின்றன. 1995-இல் ஜூரி முறையும் ஒழிந்தது. ஆகவே இன்று தீர்ப்பின் முழுப் பொறுப்பும் நம் நாட்டு நீதிபதிகளிடமே உள்ளது. அதனால்தான் நீதிபதி எவருக்கும் அஞ்சாதவராக இருக்க வேண்டியதாகிறது. 66 வயது வரை அவர் பதவியில் இருக்கலாம். நடுவர் மன்றம் ஒன்று விசாரித்துப் பரிந்துரைத்தாலன்றி அவரை நீக்க முடியாது. அந்த முறை எவ்வளவு வேதனையான சோதனைக்கு உள்ளாகலாம் என்பதை, 1988-இல் நாட்டின் தலைமை நீதிபதியான துன் சாலே அபாசும் மற்றும் இரு நீதிபதிகளும் பதவியிழந்தபோது நாடு கண்டது. அதைக் கண்ட மக்கள் நீதிமன்றத்தின் சுதந்தரத்தைப் பற்றி முன்னிலும் அதிகமாகப் பேசத் தொடங்கினர். 2023-இல் வந்த மற்றொரு மாற்றம், மரண தண்டனை கட்டாயம் என்ற நிலையை எடுத்துவிட்டது. வேறு தண்டனை போதுமா என்று எண்ணிப் பார்க்கும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது. கணபதியின் காலத்தில் இல்லாதது இது.

இந்தப் படிக்கட்டில் நடப்பதற்குச் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலாவது, தலையாட்டும் பழக்கம். துரை எது சொன்னாலும் "ஆமாங்க துரை" என்று தலையசைத்தே நம்மவர்கள் பல தலைமுறை வாழ்ந்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் அந்தத் தலையசைப்பு ஆபத்தானது. குற்றப் பத்திரிகையைப் படித்துக் காட்டி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?" என்று கேட்கும்போது, புரியாமல் "ஆமாம்" என்றால், சாட்சி விசாரணைக்கே இடமில்லாமல் தண்டனை வந்துவிடும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. புரியவில்லையானால், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே.

இரண்டாவது, வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையே என்ற கவலை. அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா ஏழைகளுக்கு உதவுகிறது. 2011-இல் அமைந்த தேசிய சட்ட உதவி அறவாரியம், கைதான குடிமக்களுக்குத் தடுப்புக் காவல் கட்டத்திலிருந்தே வழக்கறிஞரை அனுப்ப வகை செய்கிறது. போலீஸ் நிலையத்திலிருந்து உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் செய்தி சொல்லும் உரிமையும் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது.

மூன்றாவது, காலக்கெடு. குற்ற வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் மீது 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நல்ல நாள் பார்த்துக் கொடுக்கலாம் என்று இருந்தால் கதவு மூடிவிடும்.

நான்காவது, சம்பளப் பாக்கி, பணி நிறுத்த நட்ட ஈடு ஆகியவை. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின் கீழ், தொழிலாளர் இலாகாவில் நடக்கும் தொழிலாளர் நீதிமன்றத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் இல்லாமலே தொழிலாளி தம் குறையைச் சொல்லலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இதை அறிந்தவர்கள் தமக்கு உரியதைப் பெற்றார்கள். அறியாதவர்களோ தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, சொல்லாமலே போனார்கள்.

ஐந்தாவது, புதிய குடிமகனுக்கு மட்டும் உள்ள ஓர் எச்சரிக்கை. இயல்புரிமையால் குடிமகனானவர், முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 மாதங்களுக்குக் குறையாத சிறையோ 5,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்றால், குடியுரிமையை இழக்க நேரலாம். அங்கும் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணைக் குழுவின் முன் வழக்கை வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நாதனுக்குக் கிடைக்காத அந்தக் காகிதமும் அந்த விசாரணையும் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன.

நேயர்களே, எங்கள் மாலை வகுப்பு முதியவரிடம் மீண்டும் வருவோம். அவரையும் மற்றவர்களையும் ஒரு நாள் நீதிமன்றம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். விசாரணைகள் பொதுவாகத் திறந்த மன்றத்தில் நடப்பவை. ஒழுங்காக உடுத்தி, அமைதியாக அமர்ந்து எவரும் பார்க்கலாம். நீதிபதி உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். அரசு வழக்கறிஞர் தலை வணங்கினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தலை வணங்கினார். நீதிபதியும் அவர்களை நோக்கித் தலை வணங்கிவிட்டு அமர்ந்தார்.

வெளியே வந்ததும் முதியவர் கேட்டார்: "பெரியவரும் குனிகிறாரே, வாத்தியாரே?"

அது ஓர் ஆளுக்குச் செய்யும் வணக்கம் அன்று, சட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்து செய்யும் வணக்கம் என்று விளக்கினோம். கிள்ளான் தோட்டத்துத் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கியபோது ஒருவன் மட்டுமே இறங்கினான், மற்றவன் இறங்கவில்லை. இங்கே இருவரும் குனிகிறார்கள். சட்ட ஆட்சி என்பதன் பொருள் அதுவே. அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இந்தப் படி ஏறுவதில் குற்றமில்லை" என்றார்.

குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் படியை அறிந்து வைத்திருக்க வேண்டும். தேவையில்லாமல் ஏற வேண்டாம். தேவை வந்தால் அஞ்ச வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.